ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை

பிணைப்புக் கோட்பாடு நம் வகுப்பறைகளில் தாய்மார் மீதான குற்றப்பத்திரிகையைப் போலவே கற்பிக்கப்படுகிறது. குழந்தை அஞ்சுகிறதா, சினங்கொள்கிறதா, எவரிடமும் ஒட்டாமல் விலகுகிறதா, தாய் வேலைக்குச் சென்றதே காரணம் என மாணவர்கள் விடைத்தாளில் எழுதிவிடுகின்றனர்.

இதில் ஜான் போல்பிக்கும் பங்கு உண்டு. 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை தாயையே மையத்தில் நிறுத்தியது. (பெற்றோரைத் தாங்கும் கடமை சமூகத்துக்கு உண்டு என்றும் அதே அறிக்கை கூறியது. அப்பகுதியை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.) பின்னர் உகாண்டாவிலும் பால்டிமோரிலும் வீடுவீடாகச் சென்று கவனித்த மேரி எயின்ஸ்வொர்த், குழந்தையின் குறிப்பறிந்து உரிய நேரத்தில் ஈடுகொடுப்பதே பிணைப்பின் உறுதியோடு தொடர்புடையது எனக் கண்டார். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஆராய்ந்து ஷாஃபரும் எமர்சனும் 1964இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலோர் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருந்தனர். பாட்டியும் அத்தையும் தூக்கி வளர்த்த நமக்கு இது வியப்பளிக்காது.

தன் அச்சத்தைத் தானே தணித்துக்கொள்ளும் ஆற்றலுடன் எக்குழந்தையும் பிறப்பதில்லை. பிறர் அதனை ஆயிரம் முறை தணித்த பின்னரே அது குழந்தைக்குள் குடிகொள்கிறது. அந்த ஆயிரம் முறைக்கு வேண்டிய நேரமும் தெம்பும் வளர்ப்பவரிடம் உள்ளனவா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

குறிப்பிட்ட ஒருவரைத் தேடி அழுவதும் பிரிவுக்கு அஞ்சுவதும் ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் தெளிவுபெறுகின்றன. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு வழங்கிய பேறுகால விடுப்போ 26 வாரம். அதிலும் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே கழியலாம். அமைப்புசாராத் தொழிலில் உழைக்கும் பெண்களுக்கு அதுவும் எட்டாக்கனி. அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்று வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் பெரும்பாலும் சத்துமாவும் எடைபார்த்தலும் தடுப்பூசியும்தான். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில்தான் பிணைப்பு உருக்கொள்கிறது.

சட்டங்கள் இக்காலத்தை முற்றிலும் மறந்துவிடவில்லை. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது அதே திருத்தம். கட்டடத் தொழிலாளர்க்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமோ, 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் தளங்களை மட்டும் கணக்கில் கொண்டது. பத்துப் பெண்கள் மண் சுமக்கும் தளத்தில் குழந்தை மணற்குவியலின் அருகில் கிடக்கிறது. தளத்திலேயே காப்பகம் நடத்த இயலும் என்பதை, மீரா மகாதேவன் 1969இல் தில்லியில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் மெய்ப்பித்துவிட்டது. ஆயினும், குறைந்த ஊதியத்தில் ஆயாக்கள் அடிக்கடி மாறும் காப்பகம் பாலும் பாதுகாப்பும் தரலாம். பழகிய முகத்தைத் தராது.

நம் துறையின் ஆய்வேடுகள் தாயின் மனநிலையை நுணுக்கமாக அளக்கின்றன. காப்பகப் பணியாளர் எத்தனை மாதம் நிலைத்திருந்தார், அவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் இருந்தனர், அவர் பெற்ற ஊதியம் எவ்வளவு என்பவற்றையும் இனி அதே கருத்தோடு பதிவு செய்யுமாறு ஆய்வு நெறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.