பஞ்சாங்கமும் சூரியனும்

தை மாதம் முதல் தேதியன்று உத்தராயணம் பிறக்கிறது என்று நமது வீட்டுப் பஞ்சாங்கம் கூறுகிறது. பூகோளப் புத்தகமோ, டிசம்பர் 21 அல்லது 22-ந் தேதியிலேயே சூரியன் வடக்கே திரும்பிவிடுவதாகச் சொல்கிறது. குழந்தை இரண்டையும் படிக்கிறது. "எது நிஜம்?" என்று அது கேட்டால் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில், "போய்ப் பாடத்தைப் படி" என்பதுதான்.

சூரியன் திரும்புவது டிசம்பரில்தான். அதற்காக நம் முன்னோர் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடாது. ஏறக்குறைய 1,700 வருஷங்களுக்கு முன்னால் மகர சங்கிராந்தியும் உத்தராயணமும் ஒரே சமயத்தில்தான் வந்தன. நமது வருஷம் நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கப்படுவது. பருவங்கள் பூமியின் சாய்வைப் பொறுத்தவை. நட்சத்திர வருஷம் பருவ வருஷத்தைவிடச் சுமார் 20 நிமிஷம் நீளம். இருபது நிமிஷம் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். 70 வருஷத்தில் அது ஒரு நாளாகிவிடுகிறதே! சுவாமி விவேகானந்தர் 1863-ம் வருஷம் மகர சங்கிராந்தியன்று பிறந்தார். ஆங்கிலத் தேதி ஜனவரி 12. இன்று சங்கிராந்தி வருவது ஜனவரி 14 அல்லது 15-ல். (இந்த வித்தியாசத்தில் ஒரு நாளுக்கு நமது பஞ்சாங்கம் பொறுப்பன்று; 1900-ம் வருஷத்தில் ஆங்கிலக் காலண்டர் பிப்ரவரி 29-ஐ விழுங்கியதால் வந்தது அது.)

சுதந்திரம் பெற்ற தேசம் இதைக் கவனியாமல் இல்லை. 1952-ல் விஞ்ஞானி மேகநாத் ஸாஹாவின் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. தேசத்தில் சுமார் 30 விதமான பஞ்சாங்கங்கள் வழங்கி வந்த காலம் அது. 1955-ல் அறிக்கை வெளியாயிற்று. 1957 மார்ச் 22 முதல் சக வருஷத் தேசியக் காலண்டர் அமலுக்கு வந்தது. கெஜட்டில் அந்தத் தேதி இன்றும் அச்சாகிறது. ஆனால் எந்தக் கலியாணப் பத்திரிகையிலாவது அதைக் கண்டவருண்டோ?

காரணம் நமக்குத் தெளிவாகவே தெரிகிறது. நமது பங்குனி 8 அல்லது 9-ந் தேதியைச் சைத்திரம் முதல் தேதி என்று சொன்னால், சித்திரை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று எண்ணுகிற பாட்டி எப்படி ஒப்புக்கொள்வாள்? மேலும், பஞ்சாங்கத்தைப் பிரிப்பவர்கள் தேதியை அறிவதற்காகப் பிரிப்பதில்லை. அமாவாசை எப்போது, ஏகாதசி எப்போது, முகூர்த்தம் உண்டா என்று பார்க்கிறார்கள். சர்க்கார் காலண்டரின் தேதி அவர்களுக்கு வெறும் ஓர் எண்தான்.

நமது பஞ்சாங்கங்களுக்குள்ளாவது ஒற்றுமை உண்டா என்றால், அதுவும் இல்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ந் தேதி சனிப் பெயர்ச்சி நடந்துவிட்டது. வாக்கியப்படி 2026-ல்தான் என்று திருநள்ளாறு கோயில் அறிவித்தது. வானத்தில் இருப்பது ஒரே சனிதான். அவரைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகப் பார்க்கவும் செய்யலாம்.

பொங்கலை டிசம்பருக்கு மாற்றவேண்டும் என்பது நமது கட்சியன்று. புது நெல்லும் கரும்பும் வீடு வந்து சேருவதற்கு முன் பொங்கல் ஏது? பஞ்சாங்கம் அச்சிடுவோரிடம் நாம் கேட்பது ஒரே ஒரு வரி. மார்கழி 6 அல்லது 7-ந் தேதிக்கு எதிரே, "இன்று சூரியன் வடக்கே திரும்புகிறான்" என்று சிறிய எழுத்திலேனும் போடட்டும்.