சிசுவுக்கு வேண்டியது குடும்பம்

பசிக்குப் பாலும் படுக்கத் தொட்டிலும் கிடைத்துவிட்டால் அநாதைக் குழந்தைக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் எவ்வளவு கொடியது என்பதை, ருமேனியா தேசம் தன் சொந்தக் குழந்தைகளின் வாழ்வையே விலையாகக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஜனத்தொகையைப் பெருக்கும்பொருட்டு 1966-ஆம் ஆண்டில் கருக்கலைப்பைத் தடைசெய்த சௌஷெஸ்குவின் சர்வாதிகாரம் 1989-ஆம் ஆண்டு டிசம்பரில் வீழ்ந்தபோது, வறுமையால் வளர்க்க இயலாமல் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசாங்க விடுதிகளில் கிடந்தனர்.

வரிசையாகப் போட்ட தொட்டில்களில், பக்கத்தில் சாய்த்துவைத்த புட்டியைத் தாமே சப்பிக்கொண்டு, அழுதாலும் எடுப்பாரில்லாமையால் அழுவதையே விட்டு, முன்னும் பின்னும் ஆடித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்ட அந்தச் சிசுக்களின் மூளைக்கு நேர்ந்தது என்ன? சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய விஞ்ஞானிகள், புக்காரெஸ்ட் நகரத்து விடுதிக் குழந்தைகள் 136 பேரில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தனர். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிட்டியவர்கள் புத்திவளர்ச்சியிலும் பாசப்பிணைப்பிலும் நன்கு தேறினர். ஆனால் விடுதியில் வாழ்வைத் தொடங்கிய பிள்ளைகள் பொதுவாக, பெற்றோரிடம் வளர்ந்தவர்களைவிட, 16 வயதிலும் ஞாபகசக்தியில் பின்தங்கியே நின்றனர்.

இத்தகைய பாதிப்பு எப்படி நேரக்கூடும்? அச்சம் நேரும்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன், அணைக்க ஒருவர் இருந்தால் விரைவில் தணிகிறது. அணைப்பாரின்றி நெடுநாள் நீடிக்கும் அச்சமோ அந்தச் சுரப்பின் ஒழுங்கையே குலைத்து, நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் நரம்புக் கிளைகளைச் சுருங்கச் செய்கிறது என்பது பிராணிகளிடம் நடத்திய சோதனைகளில் பிரத்தியட்சமாகக் கண்ட உண்மை.

பிற்காலத்து அன்பு இந்தச் சேதத்தை ஈடுசெய்யாதா என்று கேட்கலாம். ருமேனிய விடுதிகளிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்கள் தத்தெடுத்து, இருபது ஆண்டுகள் வளர்த்த பிள்ளைகளின் மூளையை அளந்தபோது, அது பிரிட்டனிலேயே பிறந்து தத்தெடுக்கப்பட்டவர்களின் மூளையைவிடச் சராசரியில் 8.6 சதவிகிதம் சிறியதாக இருந்தது. விடுதியில் கழிந்த மாதங்கள் கூடக்கூட அக்குறையும் கூடியிருந்தது. அன்பு வீண்போகவில்லை, அவர்களுள் நல்வாழ்வு பெற்றோரும் உண்டு. ஆயினும் காலந்தாழ்ந்து வந்த அன்பால் இழந்ததை முழுதும் மீட்க இயலவில்லை.

கடும் குறைபாடு உடையோர் நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடுதியில் சேர்க்கலாகாது என்ற சட்டத்தை 2005-ஆம் ஆண்டில் ருமேனியா நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அத்தனை குழந்தைகளின் துன்பத்தால் பெற்ற இந்த ஞானத்தை, அதே துன்பத்தைத் தன் குழந்தைகளுக்கும் இழைத்துத்தான் கற்கவேண்டிய அவசியம் வேறு எந்த நாட்டுக்கும் இல்லை. ஆதலால், கைவிடப்பட்ட சிசுவுக்காகச் செலவிடும் பணத்தில் முதற்பங்கு கட்டடத்துக்கு அன்று, அதை மடியில் ஏந்தும் குடும்பத்துக்கே செல்லவேண்டும். அதுவும் தாமதமின்றிச் செல்லவேண்டும்.