தீயில் போச்சு கோப்பு! நகல் எங்கே?

தென்கொரியாவில் டேஜான் நகர அரசு கம்ப்யூட்டர் மையத்தில் 2025 செப்டம்பர் 26-ந் தேதி இரவு பேட்டரி தீப்பிடித்தது. 709 அரசு கம்ப்யூட்டர் அமைப்புகள் முடங்கின. பல, பிறகு மீண்டன. ஆனால் ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்த ‘ஜி டிரைவ்’ அடியோடு போச்சு! 858 டெராபைட் சாம்பல்.

காரணம்? வெளியில் நகல் இல்லை. ‘அளவு பெரிசு, நகல் எடுக்க முடியலே’ என்பது அரசு சொன்ன விளக்கம். பணியாளர் நிர்வாக அமைச்சகத்தில் கோப்பை அங்கேதான் வைக்கணும் என்று உத்தரவு. உத்தரவை மதித்த குமாஸ்தாக்களுக்குத்தான் பெரிய அடி!

கம்ப்யூட்டர் கணக்கை முந்தைய நேரத்துக்குத் திருப்புவது மந்திரம் அல்ல. மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த வித்தைதான். நேற்று ராத்திரிப் பேரேட்டுக்கு ஒரு நகல். இன்றைய வரவு செலவை வரிசையாக எழுதிய சிட்டை. இரண்டும் பத்திரமாக இருந்தால், பகல் 3 மணிக்குக் கோளாறு வந்தாலும் 2.59 வரை கணக்கை மீட்டுவிடலாம். இரண்டும் அதே அறையில் எரிந்தால்? கைதான் பிசையணும்!

நகல் வேறு ஊரில் இருக்கணும். அதிலிருந்து கணக்கு திரும்புதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேணும். மாற்றுச் சாவியையும் அதே கொத்தில் மாட்டி வைத்தால், கொத்து தொலைந்த அன்று வாசலில்தான் நிற்கணும்!