தலைக்கவசத்தில் சிக்கனம் எதுவரை?

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று விடியுமுன் மோட்டார் சைக்கிளேறி, கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். அவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நாம் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பிறர் போட்ட பழைய தலைக்கவசத்தை மலிவென்று வாங்காதீர். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-ல் மூடப்பட்டது. நம் பழக்கம்தான் இன்னும் மூடப்படவில்லை. பழைய சட்டை வாங்கலாம். பழைய கவசம் கூடாது. அடியைத் தாங்குவது உள்ளிருக்கும் நுரை. அது ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியிலும் தெரியாது.

முழுமுகக் கவசம் தாடையையும் காக்கும். விலை குறைந்த புதியதே போதும். சிங்கப்பூரில் பி.எஸ்.பி., மலேசியாவில் சிரிம் போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா எனப் பாருங்கள். கன்னத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஆடக்கூடாது. பளபளக்கும் வண்ணம் உயிர் காக்காது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை, கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது.

தன் வேலைக்காகத் தொழிலாளியை வண்டியோட்ட அனுப்பும் முதலாளி, நல்ல கவசத்தையும் தன் செலவில் தரவேண்டும். இதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கோருகிறோம். தோழர்களே, சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்!