18 ஊசிகள், ஓராண்டுப் பயணம்



அக்டோபர் நமக்குச் செபமாலை மாதம். உலகம் அதையே மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகவும் கடைப்பிடிக்கிறது. "சீக்கிரம் கண்டுபிடியுங்கள்" என்று அம்மாதம் முழுவதும் சொல்கிறோம். சரியான அறிவுரைதான். ஆனால் கண்டுபிடித்த பிறகு அந்தச் சகோதரி எதையெல்லாம் கடந்து போக வேண்டும் என்பதை யார் பேசுகிறோம்? இந்நோய்க்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்தை முன்வைத்து இதைச் சிந்திப்போம்.

1998-இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு 15 முதல் 20 பேருக்கு, நோய் செல்களின் மேற்பரப்பில் 'ஹெர்-2' என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். இந்த வகை நோய் வேகமாகப் பரவக்கூடியது. அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு நோய் செல்லின் வளர்ச்சியைத் தடுப்பதே இந்த ஊசியின் வேலை. 7 ஆய்வுகளில் பங்கேற்ற 13,864 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆரம்ப நிலை நோய்க்குக் கீமோவுடன் இம்மருந்தையும் பெற்றவர்களிடம், நோய் திரும்புவதும் அதனால் இறப்பதும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அது காட்டியது.

ஒரு காலத்தில் விலைதான் பெரிய தடையாக இருந்தது. 440 மில்லிகிராம் குப்பி ஒன்று 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. நோயாளர் அமைப்புகள் குரல் எழுப்பின. 2013-இல் ரோச் நிறுவனம் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான் நிறுவனம் இதற்கு நிகரான மருந்தை 57,500 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 2015-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பிறகு வேறு நிறுவனங்களும் வரவே, விலை மேலும் இறங்கியது. ஏழைகளுக்கு இது நற்செய்திதான்.

ஆனால் விலை குறைந்ததாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. நாம் அறிய வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, இது எல்லாருக்கும் உரிய மருந்து அல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது என்பதற்காக நாமும் கேட்கக் கூடாது. சதைப் பரிசோதனையில் ஹெர்-2 அளவு 3+ என்று வந்தால் பயன் உண்டு. 2+ என்று வந்தால் 'ஃபிஷ்' என்ற மறுபரிசோதனை தேவை. அதற்கு முன்பே நகையை அடகு வைத்து ஊசிக்கு ஓடுவது வீண்.

இரண்டாவது, இம்மருந்து சிலருடைய இதயத்தின் வலிமையைக் குறைக்கிறது. ஆரம்பகால ஆய்வில், டாக்சோருபிசின் போன்ற கீமோ மருந்தோடு சேர்த்துத் தந்தபோது 100-க்கு 27 பேருக்கு இதயப் பாதிப்பு காணப்பட்டது. எனவே இப்போது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகவே தருகிறார்கள். தொடங்கும் முன்பும், பிறகு 3 மாதங்களுக்கு ஒரு முறையும் எக்கோ பரிசோதனை அவசியம். செலவு மிச்சம் என்று இதைத் தவிர்க்கக் கூடாது. மூச்சு வாங்குதல், கால் வீக்கம், படபடப்பு இருந்தால் அடுத்த ஊசி வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நேரத்தில் கவனித்தால் பெரும்பாலோருக்கு இதயம் தேறிவிடுகிறது. முதல் ஊசியின்போது காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரலாம். கருவுற்றவர்களுக்கு இது ஆகாது. சிகிச்சை முடிந்தும் 7 மாதங்கள் கருத்தரிக்கக் கூடாது.

மூன்றாவது, பாதியில் நிறுத்துவது. ஆரம்ப நிலை நோய்க்கு வழக்கமாக 3 வாரத்துக்கு ஒரு ஊசி, ஓராண்டுக்கு. ஏறத்தாழ 18 முறை மருத்துவமனைப் பயணம். திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் பெண்ணுக்கும், சோமனூரில் தறி ஓட்டும் பெண்ணுக்கும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. வால்பாறைத் தோட்டத் தொழிலாளி 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு வர வேண்டும். துணைக்கு வருபவருக்கும் வேலை போகும். "இப்போது உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்ற எண்ணம் எட்டாவது, ஒன்பதாவது ஊசியில் வந்துவிடுகிறது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால், மருந்தின் முழுப் பயன் கிடைக்காமல் போகலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. எந்தச் சிகிச்சை இதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தொடக்கத்திலேயே கேளுங்கள். வெளிக்கடையில் மருந்து வாங்க நேர்ந்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து இது. வெயிலில் பேருந்தில் பையோடு கொண்டுவருவதற்கு உரியதல்ல. 2024-இல் டில்லியில், காலிக் குப்பிகளில் வேறு மருந்தை நிரப்பிப் புற்றுநோய் ஊசி என்று விற்ற கும்பல் பிடிபட்டதை மறக்கலாகாது.

அரசு காப்பீடு தரலாம், நிறுவனங்கள் விலையைக் குறைக்கலாம். ஆனால் 18 முறை கூடவே போய்வர அவர்களால் முடியாது. அது நம்மால் முடியும். நம் அன்பியத்தில் ஒரு சகோதரிக்கு இச்சிகிச்சை தொடங்கினால், அவருக்காகச் செபிப்பதோடு ஒரு தாளில் 18 தேதிகளையும் எழுதுவோம். எக்கோ தேதிகளையும் சேர்த்துக் குறிப்போம். ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் ஒரு குடும்பத்தின் பெயரை எழுதினால் போதும். எந்தக் குடும்பத்துக்கும் ஆண்டுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகாது. அவருக்கோ அது ஓராண்டுத் துணை.