உள்ளத்தைத் தொடுமுன் பயிலுதல் வேண்டும்

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நம்மை எடுத்த எடுப்பில் வகுப்பறைக்குள் விட்டுவிடவில்லை. நாள் பாடத்திட்டம் எழுதச் செய்தனர். உடன்பயின்றோர் முன்னிலையில் பாடம் நடத்தச் செய்தனர். பிறகு பள்ளிக்கு அனுப்பியபோதும் விரிவுரையாளர் கடைசி வரிசையில் வந்தமர்ந்து நம் குறைகளைக் குறித்துக்கொண்டார். பின்னக் கணக்கைக் கற்பிப்பதற்கே இத்துணைக் காவல் வேண்டியிருந்தது. ஆனால், ஒரு பிள்ளையின் மனக்காயத்தைத் தொடும் பணிக்கு இரண்டு நாள் பயிலரங்கும் ஒரு சான்றிதழும் போதும் என்னும் எண்ணம் இன்று நம்மிடையே பரவி வருகிறது. அதனை மறுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

இப்பயிலரங்குகளில் இப்போது பெரிதும் பேசப்படுவது, உள்ளத்தைப் பல கூறுகளாகக் கண்டு அவற்றோடு உரையாடும் உளச்சிகிச்சை. அமெரிக்கக் குடும்பநல உளவியலார் ரிச்சர்ட் சுவார்ட்ஸ் 1980களில் இதற்கு 'உட்குடும்ப முறை' என ஒரு வடிவம் தந்தார், 1995இல் நூலாக்கினார். உணவுக் கோளாற்றால் வருந்தியோர் தமக்குள் ஒன்று ஏவுவதாகவும் மற்றொன்று இகழ்வதாகவும் பேசக் கேட்டு, குடும்பத்தை ஆராயப் பயின்ற அவர், உள்ளத்துக்குள்ளும் ஒரு குடும்பத்தைக் கண்டார். பழைய காயத்தைச் சுமந்து ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் கூறுகள் சில. அக்காயம் தீண்டப்படாதவாறு நாள்தோறும் காவல் நிற்பவை சில. காயம் வெடித்துவிட்டால் பின்விளைவு பாராமல் ஓடிவந்து அணைப்பவை சில. இவற்றுள் எதுவும் தீயதன்று என்பதும், இவற்றையெல்லாம் அமைதியாகக் கேட்கவல்ல 'தான்' ஒவ்வொருவருள்ளும் உண்டு என்பதும் அவர் கொள்கை. இத்தாலியரான அசஜியோலியும் அமெரிக்கரான வர்ஜீனியா சாட்டிரும் அவருக்கு முன்பே இவ்வழியில் நடந்தவர்கள். மூட்டுவாத நோயாளரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, வலியும் மனச்சோர்வும் குறைந்ததாகக் காட்டிற்று. எனினும் சான்றுகள் இன்னும் சிலவே. பிள்ளைகளைப் பற்றியவை அவற்றினும் குறைவு. பயிலரங்கு விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பாரும் உளர். அவர்கள் திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்கும் 130ஆம் அதிகாரத்துக்கும் உள்ள பெயர்களையேனும் நோக்கட்டும்: நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல். நற்றிணையின் 284ஆம் பாட்டில், பொருள் தேடிச் சென்ற தலைவனை நெஞ்சு வீடு திரும்பு என்கிறது. அறிவோ வினையை முடித்துப் போ என்கிறது. நடுவில் அவன் உடல், இரு யானைகள் பற்றி இழுக்கும் பழங்கயிறு போலத் தேய்கிறது. அவ்வுவமையாலேயே புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் பெற்றார். சுவார்ட்ஸ் சொன்னதை நாம் முன்பே சொல்லிவிட்டோம் என்று மார்தட்டுவதற்காக இதனை எடுத்துக்காட்டவில்லை. அத்தகைய பெருமை பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பயிற்சியைத் தமிழில் நடத்த மொழி தடையன்று என்பதே நான் சொல்ல வருவது.

மொழிபெயர்ப்போ எளிதன்று. காவல் நிற்கும் கூற்றை ஆங்கிலத்தில் மேனேஜர் என்கின்றனர். தோட்டத்தில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையிடம் அச்சொல்லைச் சொன்னால், தாத்தாவை வெயிலில் நிறுத்தி அதட்டிய துரை நினைவுக்கு வருவாரே தவிர, தன்னைக் காக்கும் ஒன்று நினைவுக்கு வராது. மாறாக, ஓடிவந்து அணைக்கும் கூற்றுக்குப் 'பொம்பா' என்று சொல்லிப் பாருங்கள். முதலாம் ஆண்டு மாணவனும் புரிந்துகொள்வான். பொம்பா வண்டி வந்தால் தீ அணையும், ஆனால் கதவு உடையும், மெத்தை நனையும் என்பது அவனுக்குத் தெரியும். அலோர் காஜா வட்டாரத்திலோ ஜாசின் வட்டாரத்திலோ பணியாற்றும் ஆசிரியர் எவரும் இத்தகைய மாணவனை அறிவார். இரவெல்லாம் வீட்டில் குடிச்சண்டை. காலையில் வகுப்பில் யாரோ அவன் தந்தையைக் குறித்து ஒரு சொல் சொல்ல, நாற்காலி பறக்கிறது. நாம் அவனை முரடன் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். நாற்காலியை எறிந்தது எதைக் காப்பதற்காக என்று கேட்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தால் அவன் பள்ளி வாழ்வே வேறாகும். ஆகவே, இம்முறை வேண்டா என்பது என் கட்சியன்று.

நம் மாநிலத்து நகரொன்றில், தங்கும் விடுதி மண்டபத்தில் நடந்த பயிலரங்கொன்றுக்குச் சில ஆண்டுகளுக்குமுன் சென்றிருந்தேன். நாற்பது ஆசிரியர்கள், படக்காட்சி முழுதும் ஆங்கிலம். இரண்டாம் நாள் பிற்பகல், இளம் ஆசிரியை ஒருவரை முன்னழைத்துக் கண்மூடச் செய்து, உள்ளே ஒதுக்கிவைத்த ஒன்றைத் தேடச் சொன்னார் பயிற்றுநர். அவ்வம்மையார் குடியால் இறந்த தம் தந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நேரம் நான்கு மணி. பயிற்றுநர் 'மிக அருமை' என்றார், கைதட்டச் சொன்னார், தேநீருக்குப் பின் சான்றிதழ் வழங்கினார். அந்த அம்மையார் அன்றிரவு எப்படி உறங்கினார் என்று விசாரிக்க அந்த ஏற்பாட்டில் ஒருவரும் இல்லை. நாற்பது பேரும் திங்கட்கிழமை தத்தம் பள்ளியில் எதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்? கண்மூடச் சொல்லவும், அழவைக்கவும்!

இன்னோர் இடரையும் வெளியூர்ப் பயிற்றுநர் அறியார். 'எனக்குள் ஒன்று பேசுகிறது' என்று ஒரு சிறுமி வீட்டில் போய்ச் சொன்னால், நம் தோட்டப்புறத்துத் தாய் அதனை உருவகமாகவா கொள்வாள்? சாமியாடியிடம் அழைத்துச் செல்வாள். எலுமிச்சையும் வேப்பிலையும் வரும். உண்மையிலேயே குரல் கேட்கும் நோயுடைய பிள்ளையோ மருத்துவமனைக்குப் போக வேண்டியவள்; அவளிடம் கூறுகளைப் பற்றி விளையாடுவது கேடு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியவும், பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று அறியவும் தெரியாதவரை இப்பணியில் இறக்கலாகாது.

முறையான பயிற்சி எவ்வாறிருக்கும்? சுவார்ட்ஸின் வழியினர் அதனைப் படிநிலைகளாகப் பிரித்துள்ளனர். சிறு குழுவில் ஒருவர் கேட்பவர், ஒருவர் பேசுபவர், ஒருவர் உற்றுநோக்குபவர். பின் இடம் மாறுவர். அனுபவமுடைய துணையாளர் உடனிருப்பார். பிறர் உள்ளத்தைத் தொடுமுன் தன்னுள் எது சினக்கிறது, எது அஞ்சுகிறது என்பதைப் பயில்பவர் கண்டாக வேண்டும். மாணவன் எதிர்த்துப் பேசியதும் பிரம்பைத் தேடும் கை எவருடையது என்று அறியாத ஆசிரியர் அம்மாணவனுக்கு என்ன உதவி செய்ய இயலும்? அப்படிமுறைப் பயிற்சியின் கட்டணமோ நம் ஆசிரியர் எட்டும் உயரத்தில் இல்லை. எட்டாததால் இரண்டு நாள் நகலை வாங்குகிறோம்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். போர் நடந்த ஆண்டுகளிலேயே மருத்துவர் தயா சோமசுந்தரமும் உடனுழைத்தோரும் தமிழில் கையேடுகள் எழுதி ஆசிரியரையும் களப்பணியாளரையும் பயிற்றுவித்தனர். உளவளத்துணை என்னும் சொல் அங்கே பள்ளிக்கூடம்வரை சென்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்கு அவசரமாக வந்திறங்கிய வெளிநாட்டுக் குழுக்கள் பல சில நாள் பயிற்சி தந்துவிட்டு விமானம் ஏறின. நின்று நிலைத்தது எது என்பதை அவ்வூராரே சொல்வர்.

பட்டம் பெற்ற ஆலோசகரிடம் விட்டுவிடலாமே என்பர் சிலர். மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளுள் 150 பிள்ளைகளுக்கும் குறைந்தவை உண்டு; அத்தகைய பள்ளியில் அப்பணி பெரும்பாலும் கணக்கும் உடற்கல்வியும் நடத்தும் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது. அதே வேளையில், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளலாகாது. எனவே எல்லையைத் தெளிவாக வகுப்போம்: ஆசிரியர் கேட்பார், பெயரிட உதவுவார், ஆபத்தை அறிவார், உரியவரிடம் சேர்ப்பார். காயத்தைத் திறந்து ஆற்றுவது பதிவு பெற்றவர் பணி.

மூன்று மாவட்டங்களிலிருந்தும் பன்னிரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்போம். ஓராண்டு, இரு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, தமிழ் அறிந்த பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர் மேற்பார்வையில், மூவர் மூவராகப் பயிலட்டும். ஆண்டிறுதியில் அவர்களுள் இருவர் மூவரேனும் அடுத்த குழுவுக்குத் துணையிருக்கத் தகுதி பெறுவர். தகுதி பெறாதாரை அவ்வாறே சொல்லித் திருப்பியனுப்பும் துணிவும் நமக்கு வேண்டும். செலவுக்குப் பள்ளி வாரியங்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் கேட்கலாம். விடுதி மண்டபம் தேவையில்லை, சனிக்கிழமைகளில் நம் வகுப்பறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் இத்திட்டத்தை மாநிலத் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் முன்வைக்க எண்ணியுள்ளேன். சேர விரும்பும் ஆசிரியர்கள் தத்தம் தலைமையாசிரியரிடம் இப்போதே பெயர் கொடுத்து வைக்கலாம்.