இடம் கிடைத்தது, இருக்க இடம் எங்கே?

பல்கலைக் கழகங்களில் மாணவர் சேர்ப்பு முடியும் ஒவ்வோர் ஆண்டும் நம்மவரிடையே ஒரே கேள்விதான் ஓங்கி ஒலிக்கிறது. "நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது?" என்பதே அக்கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் 2012-ஆம் ஆண்டு இந்திய மாணவருக்கு 1,500 இடங்கள் என்றார்கள், 2018-இல் 2,200 என்றார்கள், 2024-இல் எஸ்.பி.எம். தேர்வில் பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இனத்து மாணவருக்கும் இடம் உண்டென்று பிரதமர் அறிவித்தார். இவை மேடையிலும் ஏட்டிலும் மன்றாடிப் பெற்றவை. அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் இடம் கிடைத்த பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் பஸ் ஏறிய பிறகு அதன் கதி என்னவாயிற்று என்று விசாரிப்பவர் யார்? அதைப் பற்றி ஒரு கூட்டம் கூடியதாகவோ ஒரு தீர்மானம் போட்டதாகவோ நான் அறியேன்.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவது என் பிழைப்பு; சங்கக் கிளை வேலை என் பற்று. தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பல்கலைக் கழக வாசலை நான் மிதித்தது தோட்டத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட நாட்களில்தான். ஆயினும் பல்கலைக் கழகம் சம்பந்தமான பாரங்கள் முதலில் என் மேசைக்கே வருகின்றன. தகப்பனின் வருமானச் சான்று, வீட்டில் எத்தனை பேர், கடன் விண்ணப்பம், விடுதி விண்ணப்பம் எல்லாம் என் கை பட்டே போகின்றன. அந்தப் பாரங்களில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கும். தோட்டத்துப் பிள்ளை தயங்காமல் தோட்டத்தின் பெயரையும் லயத்து எண்ணையும் எழுதிவிடும். அது நிரந்தரமல்ல என்பது செக்ரோல் எழுதுகிறவனுக்குத் தெரியும். வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். தகப்பனுக்கு அறுபது வயது நிறைந்தால் கணக்கு முடிப்பார்கள். கணக்கு முடிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் போகும். பிள்ளை பல்கலைக் கழகத்தில் இரண்டாம் ஆண்டில் இருக்கையில் அக்கடிதம் வந்த குடும்பம் எங்கள் பக்கத்தில் உண்டு. விடுமுறைக்கு அந்தப் பையன் எந்த வீட்டுக்குப் போவது? அக்காள் வீட்டுக் கூடத்தில் படுத்து எழுந்து போனான்.

இங்கே இருப்பிடம் இப்படியென்றால் அங்கே எப்படி? முதலாண்டில் பெரும்பாலும் எல்லாருக்கும் விடுதியில் அறை தருகிறார்கள். அடுத்த ஆண்டுகளில்தான் வம்பு. அறைகள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஆகவே விளையாட்டு, கலை நிகழ்ச்சி, மன்ற வேலை இவற்றில் கலந்துகொண்டவர்களுக்குப் புள்ளி போட்டு, புள்ளி நிறைந்தவரை வைத்துக்கொண்டு மற்றவரை வெளியே போகச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் சனி, ஞாயிறுகளில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, மாதம் நூறு வெள்ளி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் நடனம் பழகிய நேரத்தில் இவள் தட்டுக் கழுவினாள். தட்டுக் கழுவியதற்குப் புள்ளி கிடையாது. மூன்றாம் ஆண்டில் அறை போயிற்று. அது எந்தப் பல்கலைக் கழகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஏழை மாணவிக்கும் மற்றவர்களைப் போல ஓய்வு நேரம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு விதி வகுத்தவர்களைத்தான் நான் குறை கூறுவேன்.

வெளியே போனவள் அறை தேட வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சிறு அறைக்கு 450 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்வைப்பு, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணத்தை முதலிலேயே எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆக 1,575 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. வகுத்துப் பாருங்கள். அறைச் சாவி கைக்கு வருமுன்பே தகப்பனின் இருபத்து நான்கு நாள் உழைப்பு போய்விடுகிறது. மழை நாளில் வெட்டு இல்லை என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

பணம் மட்டும் இருந்தால் போதுமா? அதுவும் போதாது. 'சீனருக்கு மட்டும்', 'மலாய்க்காரருக்கு மட்டும்' என்று வாடகை விளம்பரங்களிலே வெட்கமின்றிப் போடுகிறார்கள். போடாதவர்களும் உண்டு, அவர்களிடம் தொலைபேசியில் கேட்கும்போது அறை காலியாக இருக்கும், பெயரைச் சொன்னதும் அறை போய்விடும். வாடகைக் குடியிருப்புக்கு ஒரு சட்டம் கொண்டு வருவதாகப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அதுவரை நம் பெண் பிள்ளை எங்கே படுப்பது?

கடனைப் பற்றியும் ஒரு சொல். 1997-இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், எல்லாரும் பி.டி.பி.டி.என். என்று சொல்வது, இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் படித்திருக்கவே முடியாது. அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவு செய்து, கையெழுத்துகள் முடிந்து, பணம் வங்கிக் கணக்கில் விழச் சில வாரங்கள் ஆகும். பதிவுக்கு முன்பே முன்பணம் கேட்க ஏழைக் குடும்பங்களுக்கு வழி உண்டு. அது உண்டு என்பதே தோட்டத்தில் பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சில வாரங்களில் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்டால் சிரித்துக்கொண்டு "மெகி மீ" என்கிறது. ஜொகூர்த் தோட்டத்துப் பையனுக்குச் சபாவில் இடம் கிடைத்துவிட்டால் விமானக் கட்டணம் வேறு. அவன் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். 1983-இல் பல்கலைக் கழகங்களின் முதலாண்டு வகுப்பு வரை மலாய் போதனா மொழியாகிவிட்டது. ஆனாலும் மருத்துவம், விஞ்ஞானம், கணக்கியல் போன்ற துறைகளில் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். விரிவுரை இரண்டும் கலந்து வருகிறது. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்ததால்தான் நம் பிள்ளை அங்கே தடுமாறுகிறது என்று சில படித்த பெரிய மனிதர்கள் சொல்லித் திரிகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். அந்தப் பிள்ளை மூன்று மொழியில் எழுதுகிறது; குறை சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது வரும்? பிள்ளைக்குத் தடை வேறிடத்தில் இருக்கிறது.

விரிவுரை மண்டபத்தில் நூற்றுக் கணக்கானவர்களோடு உட்கார்ந்து குறிப்பெழுதுவது சுலபம். 'டுடோரியல்' என்று சிறு வகுப்பு ஒன்று நடத்துகிறார்கள். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆசிரியர் ஒரு கருத்தைப் போடுவார். மாணவர்கள் ஏற்றோ மறுத்தோ பேச வேண்டும். பேசுகிறவருக்கு மதிப்பெண். நம் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. பெரட்டில் பெயர் கூப்பிட்டாலொழிய வாய் திறவாத தகப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது; ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்று 'ஐயா' என்று மெல்லக் கூப்பிடும் தாயின் பின்னால் நின்று வளர்ந்த பிள்ளை. அந்தச் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன் நான். ஆகையால் நன்றாகத் தெரியும். பெரியவர் முன் வாய் பொத்தி நிற்பது மரியாதை என்று நாம் சொல்லிக் கொடுத்தோம். பேசாதவன் படிக்காதவன் என்று கணக்குப் போடும் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். பலர் சேர்ந்து செய்யும் பாட வேலைக்கு ஆள் சேர்க்கும்போதும் இதே நிலைதான். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு சேர்ந்து போன பின்பு தனியே நிற்பது தோட்டத்துப் பிள்ளை.

வாய் திறவாத மனிதரை வாய் திறக்க வைக்கும் கலை இந்த நாட்டில் தோட்டத் தொழிற் சங்கத்துக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்குத் தெரியும்? துரையின் நிழலைக் கண்டு ஒதுங்கிய பாட்டாளி, கிளைக் கூட்டத்தில் முதலில் எழுந்து நின்று, பிறகு ஒரு வார்த்தை சொல்லி, பிறகு துரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் பேசினான். அவன் பேத்திக்கு அதைச் சொல்லிக் கொடுக்க நமக்கு முடியாதா? அதே பல்கலைக் கழகத்தில் மேல் வகுப்பில் இருக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளையை, புதிதாக வருகிறவருக்குத் துணையாக நிறுத்தினாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

"சங்கம் சம்பளத்துக்கு இருக்கிறதா, மாணவர்களுக்கு இருக்கிறதா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்குச் சில பழைய செய்திகளை ஞாபகப்படுத்துகிறேன். 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக் கழகத்தில் 1956-இல் இந்திய இயல் பகுதி ஏற்பட்டது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதி எழுதி வாதாடி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். அதே காலத்தில் சீனர்கள் நன்யாங் பல்கலைக் கழகத்தையே எழுப்பினார்கள். ரப்பர் முதலாளி டான் லார்க் சை ஐம்பது லட்சம் வெள்ளி கொடுத்தார். திரைஷா ஓட்டியவர்கள் ஒரு நாள் வரும்படியைக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக் கழகம் 1980-இல் வேறொன்றோடு இணைந்துவிட்டது என்றாலும், திரைஷாக்காரர் கொடுத்ததை இன்றும் பேசுகிறார்கள்.

மாணவருக்கும் ரப்பருக்கும் என்ன உறவு என்று கேட்பதும் வேண்டாம். 1974-இல் ரப்பர் விலை விழுந்து, கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் பசியோடு தெருவுக்கு வந்தபோது, கோலாலம்பூரில் டிசம்பர் 3-ஆம் நாள் அவர்களுக்காகத் திரண்டவர்கள் பல்கலைக் கழக மாணவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனார்கள். அடுத்த ஆண்டு பல்கலைக் கழகச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

இன்னொரு குறையும் சொல்கிறார்கள்: பட்டம் வாங்கியவன் தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லையாம். உண்மைதான், பலர் பார்ப்பதில்லை. பால் வெட்டத் திரும்பி வருவதற்கா படிக்க வைத்தோம்? தோட்டமே செம்பனையாகி, செம்பனையும் வீடமைப்புத் திட்டமாகி, மரத்தடியில் நிற்பவரில் பலர் அந்நிய நாட்டுத் தொழிலாளராகிவிட்ட காலத்தில், அவன் எதைத் திரும்பிப் பார்ப்பது?

இப்போது கணக்கு. முன்வைப்புப் பணம் செலவல்ல. வீட்டை ஒழுங்காக ஒப்படைத்தால் திரும்பி வரும் பணம். செர்டாங், தஞ்சோங் மாலிம் பக்கம் 1,600 வெள்ளிக்கு ஒரு வீடு என்று கொள்வோம். எட்டுப் பிள்ளைகள் தங்கினால் தலைக்கு 200 வெள்ளி. அதை அவர்கள் கடன் பணத்திலிருந்தே கட்டிவிடலாம். அவர்களால் முடியாதது இரண்டரை மாத வைப்பு, அதாவது 4,000 வெள்ளி. நானூறு உறுப்பினர் ஒரே ஒரு முறை பத்து வெள்ளி போட்டால் அது சேர்ந்துவிடும். அந்தப் பணம் வீட்டுக்கு வீடு, ஆண்டுக்கு ஆண்டு சுற்றிக்கொண்டிருக்கும். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிச் சேர்த்த காசில் தோட்டங்களையே வாங்கியது. குத்தகைப் பத்திரம் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனியாகப் போய்க் கேட்கும் தமிழ்ப் பையனிடம் அறை இல்லை என்று கதவைச் சாத்துகிறவர், பதிவு பெற்ற சங்கம் முத்திரை போட்ட கடிதத்தோடு வந்து நின்றால் அவ்வளவு எளிதாகச் சாத்தமாட்டார் என்றே நம்புகிறேன். பெண் பிள்ளைகளுக்குத் தனி வீடு. முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதை எங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்க இருக்கிறேன். மற்றக் கிளைச் செயலாளர்கள் தங்கள் தோட்டங்களிலிருந்து பல்கலைக் கழகம் போயிருக்கும் பிள்ளைகளின் பெயர், படிக்கும் இடம், எத்தனையாம் ஆண்டு, இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். தகப்பன் எந்த ஆண்டு அறுபதைத் தொடுகிறார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளட்டும். செக்ரோலைப் பார்த்தால் தெரியும், கிராணியைக் கேட்டால் சொல்லுவார்.